மாமா சரிசெய்த எரர்

ஒன்பது வயதில் எனக்கு ஒரே ஒரு எதிரிதான் இருந்தது. அம்மாவின் ஆபீஸ் லேப்டாப்பில் மெயிலைத் திறந்தவுடன் வந்து நிற்கும் சாம்பல் நிறப் பெட்டி. காலண்டரில் உள்ள மீட்டிங்கைக் காட்ட முடியவில்லை என்று இங்கிலீஷில் சொல்லும். சரி என்று அமுக்கினால் போகும். போன சுருக்கில் இன்னொன்று வரும். வாசலைச் சாத்தினால் கொல்லை வழியாக வருகிற ஜென்மம் அது.

அம்மாவுக்கு ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா பட்டாளத்தில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டில் பையைப் போட்டுவிட்டு, அம்மா பஸ் இறங்கி வரும் ஆறு மணிக்காகக் காத்திருப்பேன். வந்தவள் என்னோடு உட்காருவாளா? லேப்டாப்பைத் திறந்து அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவாள். அது ஒழிந்தால் அம்மா முழுசாக எனக்குக் கிடைப்பாள் என்பது என் கணக்கு.

புது மேனேஜர் தினமும் ஐந்தரைக்கு மீட்டிங் என்று எல்லோர் காலண்டரிலும் போட்டிருந்தார். அம்மாவின் காலண்டரில் மட்டும் அது ஏறவில்லை. மீட்டிங்குக்கு இருக்காமல் ஏன் கிளம்பிவிட்டீர்கள் என்று அவர் போனில் கேட்டால், "எனக்கு மீட்டிங்கே காட்டலையே சார், எரர்தான் வருது. நானும் எம்புட்டோ பாத்துட்டேன்" என்று அழாத குறையாகச் சொல்வாள். காலண்டரில் ஏறாத எதையும் நம்பாத மனிதர், சீக்கிரம் சரிபண்ணுங்கள் என்று வைத்துவிடுவார். சரிபண்ண வேண்டியவர் மதுரையிலிருந்து வரவேண்டும். வந்தபாடில்லை.

என் புலம்பல் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. செட்டியார்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார்.

"இது என்ன பெரிய கம்பசூத்திரமாக்கா? செத்த நேரம் குடு."

"அது கெடக்குது, விடுலே. கை கழுவிட்டுச் சாப்பிட வா."

மாமா விடுகிற ஆளா? பழைய ரிமைண்டர்களை அழித்தார். பெட்டி வந்தது. மெயில் சாஃப்ட்வேரையே எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். பெட்டி வந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அம்மா தோசை ஆறுகிறது என்றாள், கரண்டு போய்விடும் என்றாள், கடைசியில் ஆபீஸ் சாமான் கெட்டால் யார் பதில் சொல்வது என்று கத்தவே செய்தாள். உதவ வந்தவரிடம் இப்படியா என்று எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது.

பொழுது சாய்வதற்குள் மாமா கண்டுபிடித்துவிட்டார். வேலையை விட்டுப்போன பழைய மேனேஜர் போட்ட மீட்டிங் ஒன்று உள்ளே செத்துக்கிடந்ததாம். புதியது அதில் முட்டிமுட்டித் திரும்பியிருக்கிறது. பழையதைத் தூக்கினார். பெட்டி வரவில்லை. திங்கள் முதல் சனி வரை ஐந்தரை மணி மீட்டிங் நீல நிறத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தது. நான் கைதட்டினேன். அம்மா மாமாவுக்குச் சூடாக வேறு தோசை ஊற்றப் போனாள்.

திங்கட்கிழமை ஆறு மணி ஆனது, ஏழும் ஆனது. பக்கத்து வீட்டில் எனக்குச் சோறு போட்டுவிட்டார்கள். அம்மா வந்தபோது எட்டு தாண்டியிருந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

"அதான் மாமா சரி பண்ணிட்டாகல்ல? பொறவும் ஏன் லேட்டா வாரே?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்டான்ல. அதான்."

எனக்கு அழுகையாக வந்தது. மாமா எதையோ அரைகுறையாக விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றுதான் தோன்றியது. வருகிற ஞாயிறும் அவரை வரச்சொல், மிச்சத்தையும் சரிபண்ணட்டும் என்று அடம்பிடித்தேன்.