இரண்டாவது தடவை வராதவர்கள்

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில் இருப்பவன் எந்த ஊரையும் பார்த்திருக்க மாட்டான். தலையை எண்ணுவதற்கே அவனுக்குக் கண் சரியாக இருக்கும். கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்கள், சொந்தக்காரர்களைத் திரட்டி வேன் வைத்துக் குலதெய்வம் கோயிலுக்குப் போனவர்கள் எல்லாம் என் கட்சி. நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும்.

போர்டு

2004-ல் மஞ்சக்குப்பத்தில் மாடி அறை ஒன்றைப் பிடித்து டூர் ஆபீஸ் திறந்தேன். காசி, ராமேஸ்வரம் என்று போட்டால் பெரிய ஆட்களோடு மோத வேண்டும். எனக்கோ சின்ன வயதிலிருந்து தீவுப் பைத்தியம். அதனால் 'யாரும் போகாத இடங்களுக்குப் போகலாம்' என்று போர்டு எழுதி மாட்டினேன். அந்த வருஷக் கடைசியிலேயே சுனாமி வந்தது. அதற்குப் பிறகு கடலூரில் நின்றுகொண்டு 'தீவுக்கு வர்றீங்களா' என்று கேட்டவனை ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் ஒருவன் தேறுவானா என்பதற்கு ஒரே அடையாளம், போன ஆள் திரும்ப வருவது. முதல் தடவை நோட்டீசைப் பார்த்து வருவார்கள். இரண்டாவது தடவை வந்தால்தான் நம்மைப் பார்த்து வந்ததாக அர்த்தம். ஒரே ஒருவர் அப்படி வந்துவிட்டால் போதும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. எனக்கு வண்டி ஓட்டியது என் மனைவியின் தம்பி கலியபெருமாள். போர்டு மாட்டிய அன்றைக்கே, ஏணியைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்: "யாரும் போவலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் மாமா."

கல்லுச் சாமி

வெறும் தீவென்றால் ஆள் சேரவில்லை. கோயிலோடு சேர்த்தால்தான் வேன் நிரம்பும் என்று இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டேன். உடுப்பி, கொல்லூர் என்று நோட்டீசில் பெரிதாகப் போட்டு, நடுவில் உடுப்பிக் கடற்கரையான மால்பேக்கு எதிரே இருக்கும் தீவைச் சின்ன எழுத்தில் சொருகினேன். கரையிலிருந்து படகில் அரைமணி நேரம். தென்னை மரமும், செதுக்கி அடுக்கிய மாதிரி தூண் தூணாக நிற்கும் கருங்கல்லும்தான் அங்கே இருக்கின்றன. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் அந்தக் கல்லில் ஒன்றைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சுயம்பு!" என்றார். அவ்வளவுதான். நான் தலையை எண்ணி முடிப்பதற்குள் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாதிப் பேர் மூன்றாவது சுற்றில் இருந்தார்கள். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். அவர் கன்னடத்தில் திட்ட, நான் தமிழில் மன்னிப்புக் கேட்க, கலியபெருமாள் தன் துண்டாலேயே கல்லைத் துடைத்தான்.

எரிமலைக் குழம்பு ஆறி இறுகினால் கல் இப்படி ஆகும் என்று நான் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "சாமியே இல்லாத எடத்துக்கு எதுக்கு எங்கள இட்டாந்தீங்க?"

முந்தானை

அதே வேனில் அஞ்சலை அக்காவும் வந்திருந்தார். கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். கூடையில் மீன் சுமந்து விற்றவர். சுனாமியில் அவருடைய ஒரே மகள் செல்வி போய்விட்டாள். கரையில் விளையாடப் போனவள் உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு குப்பத்தை விட்டுவிட்டு மஞ்சக்குப்பத்தில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பிதான் மனசு மாறட்டும் என்று கோயில் டூருக்கு அனுப்பினார். நோட்டீசில் நான் சொருகிய சின்ன எழுத்தை அவரும் படிக்கவில்லை.

விஷயம் எனக்குத் தெரிந்தது படகில் ஏறிய பிறகுதான். அக்கா முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவர், படகுப் பலகையை விடாமல் பிடித்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்தான் விவரம் சொன்னார். அந்த நிமிஷம் என் போர்டை நினைத்து நான் வெட்கப்பட்ட மாதிரி என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அக்கா, இது நம்ம கடல் இல்ல, இது மேற்குக் கடல்" என்றேன். முந்தானைக்குள்ளிருந்து பதில் வந்தது: "எல்லாம் ஒரே தண்ணிதான் தம்பி. கர வந்தா சொல்லு."

அந்தமானில் கண்டது

2009-ல் துணிந்து அந்தமானுக்கு ஆள் சேர்த்தேன். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், குடும்பத்தோடு இருபத்திரண்டு பேர். படித்தவர்கள், ரசிப்பார்கள், கட்டாயம் மறுபடி வருவார்கள் என்று கலியபெருமாளிடம் பந்தயம் கட்டினேன். கப்பலில் மூன்று நாள் வாந்தி. பிறகு பாராடங் தீவுக்கு விடிவதற்கு முன்னால் எழுந்து, பஸ் ஏறி, அதை விட்டு இறங்கிப் படகில் ஏறினோம். படகு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரம், தண்ணீரில் இறங்கி நிற்கும் வேர், மேலே பச்சைக் கூரை. எனக்குப் புல்லரித்தது.

ஒரு பெரியவர் வேரை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பிச்சாவரம் இல்ல?" என்றார். சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற இடம். இருபத்திரண்டு முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு ஆத்திரம் வந்தது. "பிச்சாவரத்துல படகுல போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் போனதில்லை. அவருடைய மனைவி போனதில்லை. ஒருவர் விடாமல் கேட்டேன், ஒருவரும் போனதில்லை. பெரியவர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "பக்கத்துலதான இருக்கு, எப்ப வேணா போய்க்கலாம்னு உட்டுட்டோம்."

உறைமோர்

அதே பயணத்தில் ஒருவர் எவர்சில்வர் தூக்கில் உறைமோர் கொண்டு வந்திருந்தார். கப்பல் முழுக்கக் குழந்தையைப் போல மடியில் வைத்துக் காப்பாற்றினார். கடைசித் தீவில் பால் கிடைக்காமல், பவுடர் பாலில் உறை ஊற்றிப் பார்த்தார்கள். அது தயிராகவும் ஆகவில்லை, பாலாகவும் நிற்கவில்லை. வெள்ளை மணல், நீலத் தண்ணீர், கண்ணாடி மாதிரி அலை, எதைக் காட்டினாலும் பேச்சு அந்தத் தூக்குக்கே திரும்பியது.

சிதம்பரத்தில் இறங்கும்போது டூர் எப்படி இருந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். தூக்குக்காரர் எல்லாருக்கும் சேர்த்து முடிவு சொன்னார்: "கடலெல்லாம் ஜாஸ்தியாவே இருந்துச்சு, தயிருதான் இல்ல."

இரண்டாவது தடவை

2011 தீபாவளி முடிந்து நான்கைந்து நாள் இருக்கும். அஞ்சலை அக்கா தனியாக மாடி ஏறி ஆபீசுக்கு வந்தார். "அந்தக் கல்லுத் தீவுக்கு மறுபடி போறியா தம்பி?" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேனில் ஜன்னலோரம் கொடுத்தேன். "பாத்தியாடா மச்சான், வந்துட்டாங்க!" என்று கலியபெருமாளிடம் வழியெல்லாம் பீற்றிக்கொண்டேன். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

இந்தத் தடவை அக்கா படகில் முகத்தை மூடவில்லை. தீவில் மற்றவர்கள் வழக்கம் போலக் கோயிலைத் தேடிப் போனார்கள். அவர் நேராகத் தண்ணீரில் இறங்கி முழங்கால் ஆழத்தில் நின்றார். ரொம்ப நேரம் கடலையே பார்த்தார். பிறகு, "செல்வி" என்று ஒரே ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டார். நான் பத்தடி தள்ளி நின்று அழுதேன். தலையை எண்ண மறந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

படகுக்குத் திரும்பும்போது, நம் ஊர்க் கடலை விட்டு இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "நம்ம ஊர்ல கடலாண்ட போனா, எல்லாரும் கடல உட்டுட்டு என்னையே பாக்குறாங்க. இங்க யாருக்கும் என்னத் தெரியாது" என்றார். அப்போதும் எனக்குத் தொழில் புத்தி போகவில்லை. அடுத்த தை மாதமும் வேன் இருக்கிறது என்றேன். அக்கா ஈரப் புடவையைப் பிழிந்தபடி சொன்னார்: "நல்லா பாத்துட்டேன் தம்பி. இனிமே நான் வர மாட்டேன்."

அந்த வருஷக் கடைசியில் வந்த தானே புயல் என் போர்டைப் பிய்த்துக்கொண்டு போனது. நானும் தேடவில்லை. எட்டு வருஷத்தில் என்னை நம்பி இரண்டாவது தடவை வந்தவர் ஒரே ஒருவர். அவருக்கும் மூன்றாவது தடவை தேவைப்படாமல் செய்துவிட்டேன்.