சித்தி சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் பாட்டு

பிள்ளைகளா, செல்போனில் ஒரே பாட்டை நீங்கள் பத்துத் தடவை போட்டால் நான் கத்துகிறேன் என்று கோபித்துக்கொள்கிறீர்கள். கத்தாமல் என்ன செய்வது? ஒரே பாட்டை ஒரு வருஷம் முழுக்கக் கேட்டவன் நான்.

அப்போது நான் மூன்றாவது படித்தேன். அருள்புரத்தில் லைன் வீடு. ஒரே அறை. அதில் அம்மா, அப்பா, நான், ஊரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்திருந்த சித்தி, பிறகு சித்தியின் டேப்ரெக்கார்டர். அந்தச் சமயம் அவள் கம்பெனியில் ஒரு வெளிநாட்டுப் பாட்டுக்காரியின் முகம் அச்சடித்த டீ-சர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு வயசில் பாடிய முதல் பாட்டே அவள் நாட்டில் முதலிடம் பிடித்ததாம். அது நடந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பாட்டு எங்கள் லைன் வீட்டுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. “ஏல, அவளுக்கும் பதினாறு, எனக்கும் பதினாறு” என்று சித்தி பெருமைப்படுவாள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

எங்கிருந்தோ அந்தப் பாட்டின் கேசட்டையும் வாங்கி வந்துவிட்டாள். இரண்டு பக்கமும் அதே பாட்டு! இந்தப் பக்கம் முடிந்ததே என்று மூச்சு விடுவதற்குள் திருப்பிப் போட்டுவிடுவாள். கணக்குப் போட முடியாது, தூங்க முடியாது. ஒரு நாள் கேசட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் அரிசி எடுத்த அம்மாவிடம் எனக்குத்தான் அடி விழுந்தது.

இந்த நேரம் பார்த்து ஆண்டு விழா வந்தது. என் பள்ளிக்கூடம் ஃபீஸ் கட்டிப் படிக்கிற இங்கிலீஷ் மீடியம். புதுசாக ஓர் இங்கிலீஷ் பாட்டு யாருக்குத் தெரியுமோ அவர்களுக்கு மேடை என்றார் டீச்சர். எல்லோரையும் முந்திக்கொண்டு நான் கையைத் தூக்கினேன். மேடை ஏற வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்படி.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் கேட்டேன். மெட்டு எனக்கே மனப்பாடம், வார்த்தைதான் வேண்டும் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “பொறவு சொல்லுதேன்” என்றாள். நான் விடவில்லை. சாப்பிடும்போதும் கேட்டேன், குளிக்கும்போது கதவைத் தட்டியும் கேட்டேன். “ஒரு வருஷமா போட்டு உயிர வாங்குத, வார்த்தை தெரியாதா ஒனக்கு?” என்றேன். அன்றைக்கே ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். மெட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அர்த்தம் கேட்டதற்கு, “லவ் பாட்டுல, ஒனக்கு எதுக்கு அர்த்தம்?” என்று அடக்கிவிட்டாள்.

டீச்சர் பாடிக்காட்டச் சொன்னார். கேசட்டில் அந்தப் பாட்டுக்காரி மூக்கால் பாடுவாள், நானும் மூக்கால் பாடினேன். டீச்சருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததாலேயே அசல் இங்கிலீஷ் என்று நம்பிவிட்டார்.

விழா அன்று சித்தி அரை நாள் லீவு போட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். அவள் கொண்டுவந்து தந்த ரிஜெக்ட் டீ-சர்ட்தான் என் மேல். அச்சு நகர்ந்து, பாட்டுக்காரிக்கு ஒரு கண் கன்னத்தில் இருந்தது. சிறப்பு விருந்தினர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி. நான் மைக்கைப் பிடித்து ஆடி ஆடிப் பாடினேன்:

“மெஷின் வாஷ் வாஆர்ம்... டூ நாட் பிளீச்... ஓ டம்பிள் டிரை லோஓஓ...”

முதலாளி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏனுங்க டீச்சர், இது துணி துவைக்கிற லேபிளுங்க! பனியனுக்குள்ள வெச்சுத் தைப்பமுங்களே, அதுங்க!” கூட்டத்தில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். சிரிப்பு அடங்கவே இல்லை.

“ஏங்கண்ணு, உனக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார் அவர்.

நான் விரலை நீட்டிக் காட்டினேன். “அந்தா, எங்க சித்தி.”

எல்லாத் தலையும் திரும்பியது. சித்தி குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் அழுதுகொண்டே திட்டினேன். “இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“தெரியும்ல,” என்றாள் மெதுவாக. “அவ்வளவுதான் தெரியும்.”

பொய்க்கு மேல் பொய் சொல்கிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம். டெய்லர் பக்கத்தில் நின்று லேபிள் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. காலையிலிருந்து இரவுவரை அவள் கண் முன்னால் இருந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான். அதை யோசிக்கிற வயசு எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பாட்டு ஒலிக்கவில்லை. “ஏன், அவ டேப்பத் தொடவே மாட்டேங்கா?” என்று அம்மா கேட்டபோது, “அப்பாடான்னு இருக்கு” என்றேன். நிம்மதியாக உட்கார்ந்து என் இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். சித்தி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அந்த இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிய வருஷமும், அவள் ஒன்பதாவதோடு நின்று கம்பெனிக்கு வந்த வருஷமும் ஒன்று என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.