தேங்காய்ச் சாக்கில் வந்த தேள்

மயூர் விஹாரில் எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் எப்போதும் ஒரு சாக்கு இருக்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து மாமியார் ரயிலில் ஏற்றிவிடும் தேங்காய்கள். டெல்லித் தேங்காயில் சட்னி அரைத்தால் என் மனைவி அதைத் துக்கம் விசாரிக்க வந்தவள்போல் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வேலையில் பங்கெடுக்கும் நவீன கணவனாக வேடம் கட்டி, சாக்குக்குள் கையை விட்டேன். விரலில் நெருப்பு வைத்ததுபோல் ஒரு கொட்டு. நான் போட்ட சத்தத்தில் மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா பாய்சாப்?" என்று என்ன ஆச்சென விசாரித்தார். வீரமாக "குச் நஹீ", ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மனைவி தேளைச் செருப்பால் அடித்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, ஆட்டோ பிடித்தாள். "பையா, ஜல்தி!" என்று டிரைவரை விரட்டியவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு கொட்டுக்கா இந்தக் கத்து கத்துதிய? எங்க ஊர்ல கையை உதறிட்டு வயலுக்குப் போயிருவாங்க."

"அப்போ இது உங்க ஊர்த் தேள்தானே?"

"டெல்லித் தேளு. பால்கனி வழியா வந்திருக்கும்."

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே எனக்கு வியர்த்துக் கொட்டியது, கைகால் சில்லிட்டன. டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்த் தேளா, வெளியூரா?" என்று இந்தியில் கேட்டார். சிவப்புத் தேள் ஒரே இனம்தானாம். ஆனால் ஊருக்கு ஊர் அதன் விஷத்தின் சேர்மானம் மாறுமாம். கையிலிருக்கும் விஷமுறிவு மருந்து மேற்குப் பக்கத்துத் தேள்களின் விஷத்தைக் கொண்டு செய்தது. தெற்கத்தித் தேளுக்கு அவ்வளவாகக் கேட்காமல் போகலாம், தெரிந்தால் அதற்கேற்ப உஷாராக இருப்பேன் என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் ஊரைக் கிண்டல் செய்து வருகிறேன். சாரல், சாம்பார், தாய்மாமன்கள், எதையும் விட்டதில்லை. இப்போது என் உயிர் அவளுடைய ஊர்ப் பெருமையின் கையில். கெஞ்சலாகப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தில்லி கா..." என்று டெல்லித் தேள்மேலேயே பழியைப் போட ஆரம்பித்தவளின் கண் என் நனைந்த சட்டைமேல் விழுந்தது. தன் அம்மா வீட்டுச் சாக்கில் வந்த தேள் என்று இந்தியில் ஒப்புக்கொண்டாள். அடுத்த மூச்சிலேயே நிமிர்ந்து, சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம், எங்கள் ஊர்த் தேள் ரொம்பக் காரம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரை கொடுத்தார், டிரிப்ஸில் விஷமுறிவு மருந்து ஏற்றினார், பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் நாடி நிதானத்துக்கு வந்தது. அதுவரை என் நல்ல கையை விடாமல் பிடித்திருந்தவள், காதருகே குனிந்தாள். ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா போன் பண்ணுனா, பால்கனின்னே சொல்லுங்க."