சாம்பலானின் கடைசிப் பக்கம்

பிள்ளைகளே, போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது என் பழைய படக்கதைக் கட்டைக் கண்டெடுத்துச் சிரித்துச் சிரித்துப் பார்த்தீர்கள். "அப்பா, நீங்களும் இதெல்லாம் வாசிச்சனீங்களோ?" என்று சின்னவள் கேட்டாள். ஓம், வாசித்தேன். விழுந்து விழுந்து வாசித்தேன். ஒரு இதழின் கடைசியில் இரண்டு தாள்கள் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றுப்பட்டிருக்கும் என்று பெரியவன் சொன்னான். கத்தியை விட்டுப் பிரிக்கப் போனான். நான் பறித்து வைத்துவிட்டேன். ஏன் பறித்தேன் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், பிழை கிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. உங்கள் அம்மா அப்போது இன்னும் ஜெர்மனிக்கு வரவில்லை. பீலெஃபெல்ட்டில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் சலவைக்கூடமொன்றில் எனக்கு வேலை. என்னோடு ஒரே அறையில், அதே சலவைக்கூடத்தில் வேலை செய்த இன்னொருவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், யாழ்ப்பாணத்து ஆள், வீட்டில் கடைசிப் பிள்ளை. நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சொந்தமில்லை. ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள், அவ்வளவுதான்.

இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன் கடைக்கு அந்த இதழ் வரும். அதன் நாயகனுக்குச் சாம்பல் நிற உடுப்பு. அதனால் நாங்கள் அவனைச் சாம்பலான் என்றோம். மலையைத் தூக்குவான், கப்பலை இழுப்பான். ஆனால் மனதில் துக்கம் வந்தால் பலம் இறங்கிப்போகும். அதுதான் அவனுடைய குறை. எனக்கு டொச் மொழி அரைகுறை. ஒரு தடித்த அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்த்து, தமிழில் சொல்லுவேன். அண்ணை வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பார். அவருக்கு ஒரு டொச் எழுத்தும் ஓடாது. படத்தை மட்டும் எட்டிப் பார்ப்பார்.

"உவனுக்கென்னடாப்பா, பறந்து போறான். கீழை இறங்கினா, நீ எந்த நாடு எண்டு ஆரும் கேக்கிறாங்களே? உவனுக்கு ஒரு டெர்மினும் இல்லை."

அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை வைக்கும் நாளைத்தான் நாங்கள் டெர்மின் என்போம். அவருக்கு அது இன்னும் வரவில்லை. அந்த நாள் என்றாலே அவருக்குப் பயம்.

கடைக்காரி அறுபதுகளில் வந்த பழைய இதழ்களும் கொஞ்சம் வைத்திருந்தாள். அவற்றையும் வாசித்திருக்கிறேன். அந்தக் காலத்துச் சாம்பலானுக்குக் கவலையே கிடையாது. தூக்குவான், எறிவான், சிரிப்பான். பிறகு எழுதியவர்கள்தான் அவனுக்கு ஒரு வீடு, ஒரு தாய், ஒரு பயம் எல்லாம் கொடுத்தார்கள். இது பெரிய முன்னேற்றம் என்பது என் கட்சி. நடுவில் அவனைச் சந்திரனுக்கு அனுப்பி நான்கு இதழை வீணாக்கினார்கள், அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கண்ணீரை வெள்ளைப் பொட்டாகக் கீறுகிற அந்தப் புதுச் சித்திரக்காரனையும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அணைக்கட்டுக் கதை தொடங்கியபோது நான் அசந்துபோனேன்.

கதை இதுதான். ஒரு பெரிய அணை வெடிக்கிறது. சாம்பலான் அதை முதுகால் தாங்கிக்கொண்டு நிற்கிறான். கீழே ஒரு பட்டினம். அந்த நேரம் அவனுடைய தாய் செத்துப்போனாள் என்று தந்தி வருகிறது. தந்தி அவனுக்குக் கார் ஓட்டும் கூட்டாளியின் கையில் கிடைக்கிறது. கூட்டாளி அதை வாசித்துவிட்டு, மடித்து, காரின் சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறான். தொடரும்.

"நல்ல வேலை செய்தான்" என்றேன்.

அண்ணை கத்தியை வைத்துவிட்டார். "என்ன நல்ல வேலை?"

"இப்ப சொன்னா இவன்ரை பலம் போகும் அண்ணை. அணை உடையும். கீழை ஒரு பட்டினமே கிடக்கு."

"பட்டினத்துக்கு அணை. அவனுக்கு அம்மா."

"எல்லாம் முடியச் சொல்லுவான்தானே."

"முடியச் சொல்லுறதுக்கு அவன் ஆர்? ட்ரைவர். காரை ஓட்டட்டும்."

"அப்ப நீங்கள் எண்டா?"

"அந்த இடத்திலையே சொல்லியிருப்பன். அழுதுபோட்டு வந்து தூக்கட்டும். ஒரு கையாலையெண்டாலும் தூக்குவான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ, ஒரு கையாலை அணையைத் தூக்கேலாது."

"நீ போய் உன்ரை ட்ரைவருக்கு மாலை போடு" என்று சிரித்துவிட்டு வெங்காயத்தை எடுத்தார்.

அந்தக் கிழமையே அவருக்கு டெர்மின் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில், தெற்கே, ரயிலில் ஒரு நாள் ஓட்டம். அதற்கடுத்த கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பேருக்குத்தான், ஆனால் எழுதியவர் அண்ணையின் தமையன். அவர் எழுதியிருந்தது இது: அம்மா மோசம் போய்விட்டா. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசிப் பிள்ளை, அவன் இல்லாதபடியால் நான் வைத்தேன். டெர்மினுக்குக் காத்திருப்பதாகத் தம்பி எழுதியிருந்தான். இப்போது தெரிந்தால் இடிந்துபோவான், அங்கே வாய் திறக்கமாட்டான். முடியும்வரை சொல்லாமல் நீர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது எங்கள் ஆட்களின் வழக்கம். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குச் செத்த செய்தியை உடனே சொல்வதில்லை. முதலில் சுகமில்லை என்று எழுதுவார்கள், பிறகு கடுமை என்று எழுதுவார்கள். ஆள் எரிந்து சாம்பலாகிக் கன நாளான பிறகுதான் உண்மை வரும். அன்பாலே செய்வதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செத்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். கடிதம் வந்த அன்று பதினோராம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. டெர்மின் முப்பத்தெட்டாம் நாள். அதுவரை சொல்லாவிட்டால் தாயின் அந்தியேட்டிக்கு அவர் ஒரு நேரம் விரதம்கூட இருக்கமாட்டார். இப்போது சொன்னால், குழம்பிப்போய் விசாரணையில் உளறுவார், திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் வைத்து ஒரு முழுநாள் யோசித்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பிள்ளைகளே, என் யோசனைக்குள் வந்து நின்றது அந்த அணைக்கட்டுத்தான். துக்கம் வந்தால் பலம் போகும் என்று இரண்டு கிழமைக்கு ஒரு முறை வாசித்து வாசித்து, அதை மனிதருக்கும் உள்ள சட்டம் என்று நம்பிவிட்டேன். கடிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்தேன். அவர் திறக்காத புத்தகம் அது ஒன்றுதான்.

அன்று தொடக்கம் நான் இறைச்சி வாங்குவதை நிறுத்தினேன். அவர் அறியாமலாவது சாவீட்டுத் துடக்குக் காக்கட்டும் என்று. பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோவா.

"என்ன தம்பி, ஐயராகப் போறியோ? பூணூலுக்குச் சொல்லியாச்சோ?"

"வயித்துக்குச் சரியில்லை அண்ணை."

"உன்ரை வயித்துக்கு நான் ஏன் கோவா தின்னவேணும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தாய்க்குக் கடிதம் எழுதுவார். திங்கள் காலை வேலைக்குப் போகிற வழியில் நான்தான் தபால் பெட்டியில் போடுவேன். அந்த நாட்களிலும் போட்டேன். பெட்டியின் வாய்க்குள் அது விழுகிற சத்தத்தைக் கேட்காமல் இருக்க, போட்டவுடன் நடந்துவிடுவேன்.

நடுவில் அடுத்த இதழ் வந்தது. வாங்காமல் விட்டால் ஏன் என்று கேட்பார். வாங்கி வந்தேன். அகராதியை விரித்துக் கடிதம் கிடக்கிற பக்கத்தைத் தள்ளித் தள்ளிச் சொல் பார்த்து வாசித்தேன். இதழ் முழுக்கச் சாம்பலான் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறான். வீண் இழுவை.

"ட்ரைவர் சொல்லிப்போட்டானோ?" என்றார் அண்ணை.

"இல்லை."

"நாய்" என்றார்.

நான் பக்கத்தைப் பிரட்டினேன்.

முப்பத்தோராம் நாள் வேலையால் வரும்போது அவர் கையில் ஒரு கோழி. டெர்மினுக்குக் கொண்டுபோக, இவர் நல்ல வேலைகாரர் என்று வேலையிடத்தில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்களாம். முகமெல்லாம் பல். "இண்டைக்கு உன்ரை வயிறு செத்தாலும் பரவாயில்லை" என்று தானே சமைத்தார். ஊரிலிருந்து தாய் வறுத்து அனுப்பிய மிளகாய்த்தூளின் கடைசியைத் தகர ரின்னைத் தட்டித் தட்டிக் கொட்டினார். "தூள் முடிஞ்சுது. அம்மாட்டைக் கேட்டு எழுதவேணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏழு நாள்தானே, இவ்வளவு பொறுத்தாயிற்று என்று நினைத்தேன். அவர் போட்டார், நானும் தின்றேன். சந்தேகம் வரக்கூடாது என்று எலும்பையும் சப்பினேன்.

மறுநாள் அடுத்த இதழ். அணை தப்பிவிட்டது. களைத்துப்போய்க் காருக்குள் வந்த சாம்பலான், கை துடைக்கத் துணி தேடிச் சின்னப் பெட்டியைத் திறக்கிறான். தொடரும். "இப்ப பார்" என்றார் அண்ணை. "இப்ப பார், உன்ரை ட்ரைவர் என்ன சொல்லப்போறான் எண்டு."

டெர்மினுக்குப் போய் வந்தார். நன்றாகக் கதைத்தேன், மொழிபெயர்த்தவன் நல்ல பொடியன் என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். அந்த ஞாயிறு காலை, மேசையில் இருந்து "அன்புள்ள அம்மாவுக்கு" என்று எழுதத் தொடங்கினார். நான் அகராதியிலிருந்து கடிதத்தை எடுத்து அவர் முன் வைத்தேன்.

வாசித்தார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பதினோராம் நாள்."

விரலை மடித்து எண்ணினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"அண்டைக்குக் கோழி."

"ஓம் அண்ணை."

"நீயும் தின்னனி."

"ஓம்."

"அங்கை என்னட்டைக் கேட்டவங்கள், வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு. அம்மா இருக்கிறா, என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறா எண்டு சொன்னனான். எழுதி, வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கினவங்கள்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தமையன்தான் எழுதினவர், உங்கடை நன்மைக்குத்தான், இப்படி ஏதோ. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அந்தக் கிழமை அவர் சலவைக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்காமல் மற்றப் பக்கம் மாறி நின்றார். சனிக்கிழமை கொலோனில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் புறப்பட்டார். பெட்டிக்குள் வெறும் தூள் ரின்னையும் வைத்துக் கட்டியதைக் கண்டேன். எங்கள் ஆட்கள் வாசலில் நின்று வாறன் என்றுதான் சொல்வார்கள், நாளைக்கே திரும்புகிறவர்கள் மாதிரி. அவர் "போறன்" என்றார். இரண்டு தபாலட்டை போட்டேன், பதில் இல்லை. இன்றுவரை இல்லை. அவருடைய விண்ணப்பம் என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியாது.

நீங்கள் வளர்ந்து, ஆருக்கோ கெட்ட செய்தி சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பீர்கள். அவர் எவ்வளவு தாங்குவார் என்று நீங்களே நிறுத்துப் பார்க்காதீர்கள். அண்ணை எனக்கு முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார், ஒரு கையாலையெண்டாலும் தூக்குவான் என்று. நான் அதைக் கதைபற்றின பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் போன அந்தக் கிழமைச் செவ்வாயே அணைக்கட்டுக் கதையின் முடிவு வந்திருந்தது. அவர் போன பிறகுதான் வாங்கி வந்து, அறையில் தனியே இருந்து வாசித்தேன். வலப்பக்கத்தில் சாம்பலான் தந்தியோடு நிற்கிறான். "உனக்கு எப்போதிருந்து தெரியும்?" என்று கேட்கிறான். ட்ரைவர் தலையைக் குனிகிறான். இதுவரைக்கும் அருமை. அந்தச் சித்திரக்காரன்கூட இந்தப் பக்கத்தில் வெள்ளைப் பொட்டு வைக்கவில்லை. தாளைப் பிரட்டினேன். அடுத்த இரண்டு பக்கத்தில் சாம்பலான் அவன் தோளில் கை போடுகிறான், நீ ஒரு பட்டினத்தைக் காப்பாற்றினாய் என்கிறான், சூரியன் எழும்புகிறது, இரண்டு பேரும் காரில் போகிறார்கள். அத்தனை இதழாகக் கட்டியதை இரண்டு பக்கத்தில் குப்பையாக்கிவிட்டார்கள். பொய் என்றால் பச்சைப் பொய். இதைப் பற்றி ஆரோடாவது சண்டை பிடிக்கவேண்டும் போலிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் கதிரை மட்டும் இருந்தது.

எழும்பிப்போய்க் கொஞ்சம் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினேன். அந்த இரண்டு பக்கங்களையும் முகத்தோடு முகம் வைத்து ஒட்டினேன். ஓரம் பிரியாமல் விரலால் நீவினேன். பிறகு இதழை மூடி, மேலே அந்தத் தடித்த அகராதியைத் தூக்கி வைத்து, காயும்வரை கையால் அமத்திக்கொண்டு இருந்தேன்.