ஜன்னலோர சீட்

என் மனைவி பஸ் ஓட்டுகிறவள். பதினோரு வருடம் ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவளை, குளிர்காலத் தொடக்கத்தில் பன்னிரண்டாம் நம்பருக்கு மாற்றினார்கள். ஆள் பற்றாக்குறை என்று லீவு நாளிலும் கூப்பிட்டார்கள். போய்விடுவாள். முடியாது என்ற வார்த்தையை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்வாள்.

குளிர் விலகத் தொடங்கிய ஒரு காலையில் அது நடந்தது. பன்னிரண்டாம் நம்பர் பலகையை மாட்டிக்கொண்டு, பஸ் நிறைய ஆட்களோடு, ஏழாம் நம்பர் பாதையில் போய்விட்டாள். மூன்று நிறுத்தம் தாண்டியதும் ஒரு பெரியவர் எழுந்து வந்து, "ஏம்மா, ஆஸ்பத்திரியை இந்தப் பக்கம் மாத்திட்டாங்களா?" என்று கேட்டாராம்.

டிப்போ மேலாளர் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. "மூணு வாரம் வீட்ல இருந்துட்டு வாங்க. வந்ததும் என்னை வச்சு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா ஸ்டியரிங். இல்லைன்னா டிக்கெட் கவுன்டர்" என்றார்.

"கூண்டுக்குள்ள உக்காந்து சில்லறை கொடுக்கவாங்க நான் பிறந்தேன்?" என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஓய்வெடுக்கச் சொன்னால் எடுக்கத் தெரிய வேண்டுமே. படுத்துக் கண்ணை மூடினால் அவளுடைய வலது கால் பிரேக்கைத் தேடும். அது தேடிய இடத்தில் என் முழங்கால் இருந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் வாங்காத உதையை ஒரே வாரத்தில் வாங்கினேன்.

நானும் விடவில்லை. அவளுடைய போனைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெந்நீரில் உப்புப் போட்டு, பால்கனி வெயிலில் நாற்காலி போட்டு, கால்களை நனைக்க வைத்தேன்.

"சும்மா உக்காந்தா துருப்பிடிச்சிடுவேங்க."

"வண்டியையே மாசம் ஒரு தடவை சர்வீசுக்கு விடுறீங்க. நீ என்ன, வண்டியை விடக் கேவலமா?"

முறைத்தாள். ஆனால் காலை எடுக்கவில்லை.

இரண்டாவது வாரம், பழைய ஏழாம் நம்பரில் ஒரு தடவை போய்வர வேண்டும் என்றாள். இப்போது அதை ஓட்டுகிறவருக்கு டிப்போவில் 'தாடி' என்று பெயர். அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கால் தரையை மிதித்தது. "லேட்டா பிரேக் போடுறான் பாருங்க" என்று என் காதைக் கடித்தாள்.

நூலகத்தைத் தாண்டும்போது சட்டென்று நிமிர்ந்தாள். சாலையோர மரமெல்லாம் ஊதாப் பூ.

"இந்த மரமெல்லாம் எப்போ வச்சாங்க?"

அந்த மரங்களுக்கு என்னைவிட வயது அதிகம். ரோட்டையும் கண்ணாடியையும் பார்த்தே பதினோரு வருடம் ஓட்டியவளுக்கு அண்ணாந்து பார்க்க ஏது நேரம்? அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

அடுத்த இரண்டு நிறுத்தத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. கால் அசையவில்லை. கடைசி நிறுத்தத்தில் தாடி திரும்பிப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். மனுஷன் தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். இப்படியே மூன்று ரவுண்டு. எனக்குத் தோள் மரத்தே போய்விட்டது.

கண் விழித்து, "எங்கங்க இருக்கோம்?" என்றாள்.

"கிளம்பின இடத்துலதான்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று! அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு ஜன்னலோர சீட், மடியில் இரண்டு ஆரஞ்சு. வீட்டிலும் தூக்கம் வந்தது. என் முழங்காலும் பிழைத்தது.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளும் வந்தது. முந்தின இரவு அவள் நன்றாகத் தூங்கினாள், நான்தான் புரண்டுகொண்டிருந்தேன். மேலாளர் முன்னால் நோட்டோடு உட்கார்ந்தார். நான் மூன்றாவது வரிசை ஜன்னலோரம், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு. பன்னிரண்டாம் நம்பர் கிளம்பியது. முதல் திருப்பத்தில் சரியாகத் திரும்பினாள். இளவெயில் முகத்தில் பட்டது. அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது.

யாரோ தோளைத் தட்டினார்கள். டிப்போவில் நின்றிருந்தோம். எதிரே மேலாளர்.

"என்ன சார் ஆச்சு?"

"பதினாலு வேகத்தடை. உங்க தூக்கம் ஒரு இடத்துலகூடக் கலையல. இதுக்கு மேல நான் என்னத்தை எழுதுறது?" என்று நோட்டை மூடினார்.

டிரைவர் சீட்டிலிருந்து என் மனைவி திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"கடைசி ஸ்டாப்புங்க. இறங்குங்க."

"இன்னொரு ரவுண்டு போயேன்" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.