காயவைக்கிற வீட்டில் படித்த டொச்

நான் பேசுகிற டொச், அதாவது ஜெர்மன் மொழி, முழுக்கப் பார்லியிடம் படித்தது. ஊரில் என்னை எட்டாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் மொழி வகுப்பு ஒன்றில் சேர்த்தார்கள். ஹீற்றருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்ததால் மூன்று நாளும் நன்றாக நித்திரை கொண்டேன், நாலாம் நாள் போகவில்லை. பிறகு டோர்ட்மண்டுக்கு வெளியே, பியர் செய்வதற்காகப் பார்லியை முளைக்க வைத்துக் காயவைக்கிற ஒரு ஆலையில் வேலை கிடைத்தது. அங்கே விசிறிச் சத்தத்துக்கு மேலால் ஆட்கள் கத்திய சொற்களைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் என் டொச். சாவதற்கு முன் தன் தங்கச்சியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று என் மனைவி ஏங்கினாள். அந்தத் தங்கச்சியிடம் “அவசரமில்லை, ஆறுதலாக வாரும்” என்று சொன்னவன் நான்தான். இந்த டொச்சை நம்பித்தான் சொன்னேன்.

ஆலையில் என் இடம் ‘டாற’. காயவைக்கிற வீட்டுக்கு அதுதான் பெயர். முதல் நாள், எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மைஸ்ரர் என்னைப் பார்த்து “டாற! டாற!” என்று கத்தினார். மனுஷன் ஏதோ தாறன் என்கிறார் என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். தரையைக் கூட்ட ஒரு தும்புத்தடியைத் தந்தார். அதோடு எங்களுக்குள் பழக்கம் தொடங்கியது.

டாறயின் தரை முழுவதும் பொத்தல் போட்ட இரும்புத் தட்டு. முளைவிட்ட ஈரப் பார்லியை அதன்மேல் இடுப்பளவுக்குக் கொட்டுவோம். கீழே காஸ் எரியும். பெரிய விசிறி அந்தச் சூட்டுக் காற்றை அடியிலிருந்து மேலே தள்ளும். அடியில் காற்று அறுபது பாகை. மேலே வந்து சேரும்போது வெறும் இருபத்தைந்து. நடுவில் இருக்கிற ஈரம் சூட்டையெல்லாம் குடித்துவிடும். மேலே எட்டிப் பார்த்தால் பச்சை வெள்ளரிக்காய் மணம், நீராவி, எதிர்ச் சுவர்கூடத் தெரியாது. அந்த நேரத்தில் பொறுமை கெட்டுச் சூட்டைக் கூட்டினால் மணி கண்ணாடிபோல இறுகிப் பழுதாகிவிடும். முதல் வருஷம் நான் அதையும் ஒருமுறை செய்து காட்டினேன். மைஸ்ரர் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, பல்லைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இன்றைக்கும் அர்த்தம் தெரியாத நாலைந்து சொற்கள் சொன்னார்.

பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றுமே நடக்காது. பிறகு, எதிர்பாராத ஒரு கணத்தில், மேலே இருக்கிற வெப்பமானி ஏறும். நீராவி விலகும். சுவர் தெரியும். ஈரத்தை உடைத்துக்கொண்டு சூடு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு டொச்சில் ‘டுர்ஷ்புறூக்’ என்று பெயர். மைஸ்ரர் ஏணியில் நின்று அந்தச் சொல்லைக் கத்தினால் எல்லோருக்கும் முகம் மலரும். கஷ்டமான பகுதி முடிந்தது, இனித் துணிந்து சூட்டைக் கூட்டலாம், போய்க் கோப்பி குடிக்கலாம். பதினெட்டு வருஷமாக அந்தச் சொல்லை நான் நல்ல செய்தியாக மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் மனைவியின் வருத்தம் என்னவென்று தெரிந்தது. வயிற்றில் தொடங்கிய புற்று ஈரலுக்குப் போயிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அவளுடைய டொச் என்னுடையதிலும் பாதி. அவளுக்கென்று மிச்சம் இருந்த ஒரே உடன்பிறப்பு சாவகச்சேரியில் இருந்த தங்கச்சி. இருபத்திரண்டு வருஷமாக ரெலிபோனுக்குள் மட்டுமே வாழ்ந்த தங்கச்சி.

“எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்,” என்றாள் மனைவி. “அவளை இந்தக் கட்டில்ல இருத்தி ஒருக்காத் தலை வாரி இழுத்துவிடோணும். நரைச்சிட்டுதாம். வீடியோவில மறைக்கிறாள், கள்ளி.”

நான் நகரசபைக்கு அலைந்து அழைப்புக் கடிதம் எடுத்தேன். பத்திரத்தில் ‘உறவுமுறை’ என்று இருந்த இடத்தில் என் பிறந்த திகதியை எழுதியதால் இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். எப்படியோ முடிந்தது. என் மச்சாளான அந்தத் தங்கச்சிக்கு விசாவுக்காகக் கொழும்புத் தூதரகத்தில் மார்கழித் தொடக்கத்தில் டெர்மின் கிடைத்தது, டெர்மின் என்றால் வரச்சொல்லித் தருகிற நாள். திகதியை மனைவி கலண்டரில் சிவப்பால் வட்டம் போடச் சொன்னாள். போட்டேன்.

கார்த்திகை நடுவில் ஒரு பின்னேரம், ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட தாதி என்னை வெளியே கூப்பிட்டாள். உயரமான பெண், மெல்லிய குரல். நிறையச் சொன்னாள். வெள்ளத்தில் போகிறவன் எதையாவது பிடிக்கப் பார்ப்பதுபோல நான் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றைத் தேடிக்கொண்டு நின்றேன். வந்தது. டுர்ஷ்புறூக். அதன் வாலில் ‘ஷ்மேர்ட்சன்’ என்று ஒட்டியிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். ஷ்மேர்ட்சன் என்றால் நோ, வலி. முதுகு பிடித்த நாளெல்லாம் மைஸ்ரரிடம் சொல்லி லீவு கேட்கிற சொல். இரண்டும் சேர்ந்து வந்தால்? நோ உடைத்துக்கொண்டு வெளியே போகிறது. வேறு என்னவாக இருக்க முடியும்?

விளங்கியதா என்று தாதி கேட்டாள். எல்லாம் விளங்கியது என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். பாவம், இந்த மனுஷன் எவ்வளவு தைரியமாகத் தாங்குகிறான் என்று நினைத்திருப்பாள்.

“என்னப்பா, பல்லைக் காட்டிக்கொண்டு வாறியள்?” என்றாள் மனைவி.

“டுர்ஷ்புறூக்காம்.”

“அது உங்கட பார்லிக்கெல்லோ வாறது?”

“உமக்கும் வந்திட்டுது. நோ வெளிய போகுதாம். இனிப் பயமில்லை.”

“அந்தத் தாதியே சொன்னவ?”

“பின்னை? நான் என்ன டொக்டரே, சொந்தமாச் சொல்ல?”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து நோ வரும்போதெல்லாம் நாக்குக்கடியில் வைக்கப் புதிய மருந்து ஒன்று கொடுத்தார்கள். அவள் நன்றாகத் தூங்கினாள், கஞ்சி நாலு கரண்டி குடித்தாள். ஒரு கிழமையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனித் தாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் சுகம் வந்துவிட்டது என்றுதானே ஒரு முழு மூடனுக்குப் படும்? எனக்குப் பட்டது.

மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“அத்தான், அப்ப நான் இந்த டெர்மினுக்குப் போகட்டோ, விடட்டோ? மகளுக்கும் இந்த மாதம் சோதினை.”

“விடும் பிள்ளை. பனிக்குள்ள வந்து விறைச்சுப்போய் நிண்டு என்ன செய்யப் போறீர்? சித்திரைக்கு வாரும். கொக்கா நடந்து வந்து எயார்போட்டில நிப்பா.”

“அக்காவும் அப்பிடித்தான் சொல்லுறாவோ?”

ரெலிபோனை மனைவியிடம் கொடுத்தேன். “ஓமடி, பிள்ளை சோதினையை எழுதட்டும்,” என்றாள். “எனக்கு டுர்ஷ்புறூக். என்னெண்டு கேளாதை, கொத்தானுக்குத்தான் விளங்கும்.”

மச்சாள் டெர்மினை விட்டுவிட்டாள்.

மார்கழி நடுவில் ஒரு காலை, டாறயில் நானும் மைஸ்ரரும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மீசைக்குள் முணுமுணுக்கிற ஆள் அவர். வீட்டுக் கதை பேசுகிறவர் இல்லை. மனைவி எப்படி என்று கேட்டார். நான் ஏணியில் ஏறி நின்று, அவர் கத்துவதைப் போலவே, இரண்டு கையையும் வாயில் குவித்து “டுர்ஷ்புறூக்!” என்று கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. யார் சொன்னது, எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டார். வாலில் ஒட்டியிருந்த சொல்லையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் விசிறியைக் குறைத்தார், நான் கேட்க வேண்டும் என்பதற்காக. பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சின்னச் சின்னச் சொல்லாக எடுத்துச் சொன்னார். அவருடைய தகப்பனுக்கும் கடைசியில் அதுதான் வந்ததாம். கொடுக்கிற மருந்தையெல்லாம் உடைத்துக்கொண்டு நோ மேலே வருகிறது. இங்கே வெளியே போவது தண்ணீர். அங்கே ஒன்றும் வெளியே போகவில்லை. சொல் ஒன்றுதான், என்றார். என் கையில் இருந்த தும்புத்தடியை வாங்கிச் சுவரில் சாத்தினார். வீட்டுக்குப் போகச் சொன்னார்.

ரயிலில் மச்சாளுக்கு எடுத்தேன். திரும்ப டெர்மின் கேள் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவள் “சரி அத்தான்” என்று வைத்துவிட்டாள். நத்தார், புதுவருஷ லீவு எல்லாம் போய், தை கடைசியில்தான் அடுத்த டெர்மின் என்று பின்னேரம் செய்தி அனுப்பினாள்.

வீட்டில் மனைவி சோபாவில் படுத்திருந்தாள். நான் பகிடி விட்டுத்தான் எதையும் தொடங்குகிறவன். அன்றைக்கு ஒரு பகிடியும் வரவில்லை. மச்சாளின் செய்தி வந்த பிறகுதான், பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு சொன்னேன். பிழையாக விளங்கிவிட்டேன், அது நல்ல சொல் இல்லை என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழு மொட்டை அது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

“எனக்கு உடம்பு சொல்லிச்சுதப்பா,” என்றாள். “நீங்கள் அவ்வளவு சந்தோசமாச் சொன்னபடியால், உடம்புதான் பொய் சொல்லுது எண்டு நினைச்சுட்டன்.”

“மச்சாள் வருவா. டெர்மின் எடுத்திட்டா.”

“எப்ப?”

சொன்னேன். அவள் விரல் மடித்துக் கிழமைகளை எண்ணினாள். பாதியில் நிறுத்திவிட்டு, “பாப்பம்,” என்றாள்.

அதற்குப் பிறகு ரெலிபோனைத் தலையணையில் சாத்தி வைத்துவிடுவேன். அக்காவும் தங்கச்சியும் பேசாமலே மணிக்கணக்காக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் மச்சாள் குனிந்து உச்சியைக் கமராவுக்குக் காட்டினாள். வகிட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை. மனைவி சுட்டுவிரலால் கண்ணாடிமேல் அந்த வகிட்டை இழுத்தாள். திரை அசைந்து வேறு எங்கோ போய்விட்டது. திருப்பிக் கொண்டுவரத் தெரியாமல் நான் எல்லாப் பொத்தானையும் அமத்தினேன்.

டெர்மினுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அவள் போய்விட்டாள்.

மச்சாள் மாசியில் வந்தாள். வந்து பார்ப்பதற்கு அக்காவின் உடுப்புகளும் நானும்தான் இருந்தோம். எயார்போட்டில் இருந்து வரும் ரயிலில், ஜன்னல் பக்கம் இருந்துகொண்டு கேட்டாள்.

“அத்தான், சுகம் வருகுது எண்டு சொன்ன அந்தத் தாதியை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ. ஒரு கேள்வி கேக்கோணும்.”

இந்தக் கேள்விக்கு ஒரு பொய்யை நான் கிழமைக்கணக்காகத் தயார்பண்ணி வைத்திருந்தேன். டொக்டரைப் பற்றி, மாறிப்போன பரிசோதனைத் தாளைப் பற்றி, அழகான பொய். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

“அவ அப்பிடிச் சொல்லேல்லை. நான்தான் பிழையா விளங்கினது.”

“பிழையா எண்டால்?”

பார்லி, காஸ், விசிறி, நீராவி, ஏணி எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒருவருக்கும் இவ்வளவு நீளமாக எதையும் விளக்கியதில்லை.

“அப்ப, ஒரு சொல்லு,” என்றாள் கடைசியில்.

“ஓம்.”

“கொழும்புக்கு பஸ் ரிக்கற் எடுத்து வைச்சிருந்தனான் அத்தான்.”

அடுத்த நாளே தாதியைப் பார்க்க வேண்டும் என்று நின்றாள். கூட்டிக்கொண்டு போனேன். தாதிக்கு எங்களை ஞாபகம் இருந்தது. மச்சாளுக்கு டொச் தெரியாது என்றதும், ரெலிபோனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்துத் தருகிறேன் என்றாள். கேட்டால் தருவார்களாம். எப்போதும் தருவார்களாம். நான் கேட்டதில்லை, என்னிடம்தான் டொச் இருந்ததே.

“நீங்கள் வெளிய இருங்கோ அத்தான்,” என்றாள் மச்சாள்.

கதவு சாத்தப்பட்டது. நடைபாதைக் கதிரையில் இருந்தேன். உள்ளே தாதியின் மெல்லிய குரல், பிறகு ரெலிபோனில் எங்கள் ஊர்த் தமிழில் ஒரு பெண் குரல், மறுபடி தாதி. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிடிக்கவும் முயலவில்லை. முக்கால் மணித்தியாலம் போனது. ஒருமுறை மச்சாள் சிரித்ததுபோலவும் இருந்தது, அழுததாகவும் இருக்கலாம்.

வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. தாதி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

“என்ன சொன்னவ?” என்று கேட்டேன். “அக்கா ஏதும் சொன்னவவாமோ?”

“சொன்னவ.”

“என்ன?”

அவள் லிஃப்ட் பொத்தானை அமத்தினாள். “உங்களிட்டைச் சொல்லமாட்டன் அத்தான். நீங்கள் அதையும் வேறை மாதிரி விளங்கிப்போடுவியள்.”

கோபமாகச் சொல்லவில்லை. இன்று மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். லிஃப்ட் வந்தது. அவள் முதலில் ஏறிக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள், நான் ஏறும்வரைக்கும்.