இல்லாத மாணவி

அஞ்சல்வழிப் பட்டப்படிப்பை இணையத்துக்கு மாற்றிய புதிதில், செங்கல்பட்டுப் படிப்பு மையம் ஒன்றில் புள்ளியியல் ஆசிரியராக இருந்தேன். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. பாடத்தை ஏற்றிவிட்டு, அதன் கீழே உள்ள கலந்துரையாடல் பக்கத்தில் மாணவர்களைப் பேச வைக்க வேண்டும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "சந்தேகம் உண்டா?" என்று நானே எழுதி, அடுத்த வாரம் நானே அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மையத் தலைவர் என் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "இன்னா சார், ஈ காக்கா இல்ல? இப்டியே இருந்தா அடுத்த வருசத்துக்கு உங்களுக்கு நான் இன்னான்னு எழுதித் தர்றது?"

அன்றைக்கே ஒரு மாணவியை உருவாக்கினேன். மறைமலைநகரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிற பெண், வயது இருபது. ஒரு பெயரும் வைத்தேன். அதை இங்கே எழுதக் கூசுகிறது. அவள் பெயரில் அசட்டுக் கேள்விகளாகக் கேட்டேன். மக்குப் பிள்ளை ஒன்று கேட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போகும் என்பது என் கணக்கு. அதை ஒரு கற்பித்தல் முறை என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "திட்ட விலக்கம் மண்டையில் ஏறவில்லை, படிப்பை விட்டுவிடலாம் போலிருக்கிறது" என்றுகூட எழுதினேன்.

மறுநாளே பதில் வந்தது. கோவளத்திலிருந்து ஒரு பெண், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார். "வுட்றாத கண்ணு. இந்தப் பேப்பர்ல நானே ரெண்டு வாட்டி ஃபெயிலு. எங்க வூட்டுக்காரரு தெனம் பத்து கூடை மீன் கொண்டாந்தாலும் சராசரி பத்து. ஒரு நாள் இருபது, மறுநாள் வெறுங்கையின்னாலும் சராசரி பத்துதான். ஆனா ரெண்டும் ஒண்ணா? அந்த ஏத்த இறக்கத்த அளக்கறதுதான் இது."

இத்தனை வருடத்தில் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. "இப்போ புரியுது அக்கா" என்று பதில் போட்டேன். அதன் பிறகு மற்றவர்களும் வந்தார்கள், பக்கம் களைகட்டியது. தலைவர் என் முதுகில் தட்டினார். நான் நெளியக்கூட இல்லை.

புள்ளியியல் பரீட்சை நாள் வந்தது; காலை பத்து மணிக்குத் தொடக்கம். வாசலில் ஹால் டிக்கெட் பார்ப்பது என் வேலை. பத்தரைக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும். எல்லாரும் உள்ளே போன பிறகும் ஒரு பெண் வெளியே சாலையைப் பார்த்தபடி நின்றார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். கோவளம் முகவரி.

"உள்ள போங்கம்மா, டைம் ஆயிட்டுது."

"ஒரு பொண்ணு வரணும் சார். மறைமலைநகர்லேர்ந்து. மூஞ்சி தெரியாது, பேர்தான் தெரியும். தனியா வந்தா பயந்துகினு திரும்பிப் பூடுவா. தெரியுமா சார் உங்களுக்கு?"

தெரியும். 'அது நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முழு நேரமும் அவருக்குக் கிடைத்திருக்கும். மற்றவர்கள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினேன், ஏதோ தேடுகிறவன் போல. மணி பத்து இருபத்தைந்து ஆனபோதுதான் வாய் வந்தது. அப்போதும் பொய்தான் வந்தது.

"அந்தப் பொண்ணு படிப்ப விட்டுட்டா. நீங்க போங்க."

அவர் முகம் சுருங்கியது. "நான்தான் ஒழுங்கா சொல்லிக் குடுக்கல போல கீது" என்றார். டிக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

முடிவுகள் வந்தன. அந்தத் தாளில் மூன்றாவது முறையாகத் தோற்றிருந்தார். எனக்கு ஒப்பந்தம் நீட்டித்தார்கள். அந்த வாரம் கலந்துரையாடல் பக்கத்தில் அவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: "நானும் ஃபெயில்தான் கண்ணு, வெக்கப்படாத, வா, அடுத்த வாட்டி சேர்ந்து எழுதலாம்." நான் அதைப் படித்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் அழித்தேன்.